கப்பலண்ணனின் ஒரு பகல்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய மகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் ஈப்போவில்தான் இருக்கிறார்கள். பசாரில் பார்த்தால் நின்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். பெயரைச் சொன்னாலும் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் பகுதியான புந்தோங்கில் அவருக்குப் பெயர் கப்பலண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்த என் அம்மாவும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். என் அக்கா லெட்சுமியை உயிரோடு கடைசியாகப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் அவர்தான். அதனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் கோபம் வரும், அப்புறம் சிரிப்பு வரும், அப்புறம் எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்ப்பேன். இன்றைக்கு எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்குக் குருவி வேலை. இங்கிருந்து நைலான் புடவை, டார்ச் லைட், தைலப்புட்டி என்று கொண்டுபோய் மெட்ராஸில் தள்ளிவிட்டு, அங்கிருந்து பட்டு, பித்தளை விளக்கு, அப்பளம் என்று கொண்டுவந்து இங்கே விற்கிறவர்களை எழுபதுகளில் அப்படித்தான் சொல்வோம். மற்ற குருவிகள் மெட்ராஸில் இறங்கினால் அடுத்த கப்பல் வரைக்கும் அறை எடுத்துத் தங்குவார்கள். இவர் போன கப்பலிலேயே திரும்பிவிடுவார். பினாங்கில் ஏறினால் கடலில் ஐந்தாறு நாள். காலை ஏழு மணிவாக்கில் மெட்ராஸில் கப்பல் கட்டும். அதே கப்பலில் திரும்புகிறவர்கள் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஏறிவிட வேண்டும். ஆக, அவ்வளவு பெரிய பட்டணத்தில் அவர் கைக்குக் கிடைப்பது ஒரே ஒரு பகல். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஈப்போ ரயிலடிக்குப் பக்கத்தில் கப்பல் டிக்கெட் விற்ற கடையில் நான்தான் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்ன பாடு படுத்துவார் தெரியுமா! கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே புந்தோங்கில் வீடு வீடாக வந்துவிடுவார். குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயந்து, பெற்றவர்கள் செத்தால்கூட ஊருக்குப் போகாமல் கிடந்த காலம் அது. அவர்களுக்கெல்லாம் இவர்தான் கண்ணும் காலும். ஒருத்திக்கு வியாசர்பாடியில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒருவருக்கு மயிலாப்பூர் கோயில் குங்குமம் வேண்டும். பீடோர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் அப்பாவின் சாம்பலைப் பால் டின்னில் கொண்டுவந்து, மெரினாவில் கரைத்துவிடச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். இன்னொருவருக்குத் தம்பி வேலை செய்யும் பட்டறைக்குப் போய், ஏன்டா கடிதாசி போடலை என்று நாலு வார்த்தை கேட்க வேண்டும்.

"செஞ்சிரலாம் லா. இதெல்லாம் ஒரு சுசாவா, கஷ்டமா?" என்பார். ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். முடியாது, நேரமில்லை என்ற வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கு அவரிடம் முதலில் பிடித்ததும் அதுதான். பிற்பாடு பயத்தைக் கொடுத்ததும் அதுதான்.

டிக்கெட் வாங்க வரும்போது கடையில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த ஒரு பகலை எப்படிச் செலவு செய்வது என்று எனக்குப் பாடமே எடுப்பார். முதலில் இருப்பதிலேயே தூரமான இடத்துக்குப் போய்விட வேண்டும். அங்கிருந்து ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து வர வேண்டும். அப்போதுதான் நேரமாகிவிட்டால்கூடக் கப்பல் பக்கத்தில் இருக்கும். கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, ரெண்டு வாழைப்பழத்தை நடந்துகொண்டே தின்றுவிட வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலோடு சரி. "உக்காந்தா அரை மணி போச்சு பாப்பா. டீ குடின்னு சொல்வாங்க, அதுல இன்னொரு கால் மணி. நான் செருப்பையே கழட்ட மாட்டேன்" என்பார். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். இடது கையில் நம் ஊர் நேரம், வலது கையில் மெட்ராஸ் நேரம். அங்கே போனால் ரெண்டு மணி நேரம் சும்மா கிடைக்கிறது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அந்த ரெண்டு மணி நேரத்தைத் திரும்பி வரும்போது கடலில் விட்டுவிட்டுத்தான் வருகிறீர்கள் என்று நான் சொன்னால் காதில் விழாதவர்போல் இருந்துவிடுவார்.

அங்கே வாசலோடு நின்ற மனிதர் இங்கே வந்து சேதி சொல்லும்போது மட்டும் சாவகாசமாக உட்காருவார். அதைக் கேட்க வேண்டுமே! பசியாறிவிட்டு, டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு சொல்வார். உங்கம்மா கத்தரிப்பூ கலர்ல சேல கட்டியிருந்தாங்க. கொல்லையில கொய்யா காச்சிக் கிடக்கு. ஒரு கண்ணு தெரியாத நாய் ஒண்ணு, என் காலையே மோந்துக்கிட்டு நிக்குது. உன் பேரச் சொன்னதும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டாங்க. இப்படி. கேட்கிறவர்கள் அழுது முடிக்கும்வரை டீயைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நானும் சில வீடுகளில் கூட உட்கார்ந்து கேட்டு அழுதிருக்கிறேன். எனக்கு யாருமே மெட்ராஸில் கிடையாது.

எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் அம்மாதான் வியாசர்பாடியில் இருந்தவர். ஒருமுறை கப்பலண்ணன் ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுவந்து கொடுத்து, "ஒங்கம்மா கையாலயே சுத்தினது. இடுப்பு வலிக்குதுன்னு பலகைய வச்சுக்கிட்டு உக்காந்து சுத்தினாங்க" என்றார். அஞ்சலை அக்கா அதை ஒரே நாளில் தின்னாமல் டின்னில் போட்டு வைத்து, தினம் ஒன்றாகத் தின்றார். டின் காலியாவதற்கு முன்பு ஊரிலிருந்து கடிதாசி வந்தது. விலாசம் தப்பாகி எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்த கடிதாசி. அம்மா செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. கப்பலண்ணன் முறுக்கு வாங்கிவந்து மூன்று வாரம்தான்.

இனி அந்த மனிதரைத் தெருவில் வைத்துக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அஞ்சலை அக்கா டின்னைக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்தார். "அம்மாதான் லா வந்து குடுத்திருக்கு. எனக்குத் திங்கக் குடுக்கணும்னு ஆவியா நின்னுருக்கு. அண்ணன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த முறுக்கைத் தெருவில் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டாக உடைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு கப்பலண்ணனுக்கு மரியாதை இன்னும் கூடிப்போயிற்று. செத்தவர்களையும் பார்த்துவிட்டு வருகிறவர் என்று பேச்சு. எனக்கும் ஒரு துண்டு வந்தது. நான் அதைத் தின்னவில்லை, தூக்கிப் போடவும் தைரியம் வரவில்லை. ரவிக்கைப் பெட்டிக்குள் வைத்ததில் எறும்பு வந்துவிட்டது.

அவரிடம் இதை யாரும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் அஞ்சலை அக்கா வீட்டு வாசல் வழியாகப் போகாமல் பின்சந்து வழியாகப் போக ஆரம்பித்தார் என்பதை நான் கவனித்தேன்.

இப்போது என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் பீடோர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அப்பா செத்துப்போய், முதலாளிகள் தோட்டத்தையும் துண்டு துண்டாக விற்றுவிட, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு புந்தோங்கில் ஒரு பலகை வீட்டுக்கு வந்துவிட்டார். லெட்சுமி பதினான்கு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். ஈப்போ வந்த பிறகு பிஸ்கட் கம்பெனி. நான் படித்துக் கிராணி ஆனதற்கு அவள் வெட்டிய மரங்கள்தான் காரணம். அவளுக்கு இருபத்தொன்பது வயதாகிவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் காய்த்துப்போன அவள் கையைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அயனாவரத்தில் சொந்த வீடு, பையனுக்கு ஆபீஸ் வேலை, மலாயாப் பெண் என்றால் சம்மதம் என்று தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். கூடவே ஒரு போட்டோ. பையன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே போய் விசாரிக்க ஆள் ஏது? மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கிற வேலையைக் கப்பலில் போகிறவர்களிடம் கொடுப்பதுதான் வழக்கம். கப்பல்காரர் பார்த்துவிட்டு வந்து சரி என்றால் சரி. அம்மாவும் கப்பலண்ணனைக் கூப்பிட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, "நீங்க பாத்துட்டு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. ஒங்க கண்ணுல படட்டும், அது போதும்" என்றார். அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவருக்கு ஏற்கெனவே எட்டு வேலை இருந்தது. அக்காவுடையது ஒன்பதாவது.

திரும்பி வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். "வீடு முன்பக்கம் நீலச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு. வாசல்ல முருங்க மரம். மாமியாக்காரி மோர் குடுத்தாங்க, கருவேப்பில போட்டு. பையன் ஆபீஸ் விட்டு வந்து கை காலு கழுவிட்டுத்தான் என்கூடப் பேசினான். குனிஞ்ச தல நிமிரல. போட்டோல இருக்கறதவிட நெறம் கொஞ்சம் கம்மி, அவ்ளோதான் லா" என்றார். கதவுக்குப் பின்னால் நின்ற லெட்சுமி சிரித்துவிட்டாள். அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. அம்மா அன்றே சம்மதக் கடிதாசி போட்டுவிட்டார்.

ரெண்டு வாரம் கழித்துக் கடையில் கப்பல் வந்து போன நேரத் தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அது என் வேலையில் ஒன்று. அந்தப் பயணத்துத் தாள் கைக்கு வந்தது. வழியில் புயல். கப்பல் மெட்ராஸில் கட்டியதே மதியம் ரெண்டரை மணிக்கு. சோதனை எல்லாம் முடித்துப் பயணிகள் வெளியே வர நாலு மணிக்கு மேல். திரும்புகிறவர்கள் ஏறும் நேரத்தில் மாற்றம் இல்லை, ஆறு மணி. நான் அந்தத் தாளை மூன்று தடவை படித்தேன். ரெண்டு மணி நேரம்கூட இல்லை. அதற்குள் மயிலாப்பூர்க் குங்குமம், மெரினாவில் சாம்பல், இன்னும் ஆறு வேலை, அதற்கும் மேலே அயனாவரத்தில் முருங்கை மரமும் மோரும்.

அடுத்த டிக்கெட்டுக்கு அவர் வந்தபோது தாளை அவர் முன்னால் வைத்தேன். கடையில் வேறு யாரும் இல்லை. அவர் படித்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். நிதானமாக மடித்து என் பக்கம் தள்ளினார்.

"அயனாவரம் போனீங்களா அண்ணே?"

"எப்படிப் போறது? தொறமுகத்துக்கு எதுத்தாப்ல உள்ள கோயில்ல குங்குமம் வாங்கினேன். அங்கேயே நின்னேன். கப்பலுக்கு ஓடி வந்துட்டேன்."

"அப்ப அந்த வீடு, முருங்க மரம்..."

"மெட்ராஸ்ல முருங்க மரம் இல்லாத வீடு எது பாப்பா?"

தாளை மறுபடியும் அவர் பக்கம் தள்ளினேன். அவரே பேசினார். "ஒங்கம்மா என்னய எதுக்கு அனுப்பினாங்க? நல்ல சேதி கொண்டாரத்தான. நேரம் இல்லன்னு வந்து நின்னா அந்த மொகம் என்னாவும்? இத்தன வருசமா நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கேன். போய்ப் பாத்தவங்க யாராச்சும் நல்லா இல்லன்னு வந்து சொன்னாங்களா? எல்லாம் நல்லாத்தான் லா இருக்கும்."

"அஞ்சலை அக்கா அம்மா?"

அவர் எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று சொன்னார்: "நீ போயி ஒங்கம்மாகிட்டச் சொல்லு. நான் தடுக்கல. இன்னைக்கே சொல்லிரு."

நான் சொல்லவில்லை. இதைத்தான் நான் எழுத வேண்டும், மற்றதெல்லாம் சுற்றி வளைப்பு. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. என்னைக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். இப்போது கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் மனிதர்தான். மூத்தவள் இருக்கும்போது இளையவளுக்கு எப்படி என்று அம்மா நிறுத்தி வைத்திருந்தார். லெட்சுமி கப்பல் ஏறினால் என் வழி திறக்கும். ஒரு வாரம் தினமும் சொல்லலாம் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனேன். அவள் புடவைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் நல்லாத்தான் இருக்கும் என்று எனக்கு நானே கப்பலண்ணனாகச் சொல்லிக்கொண்டேன். அவர் மேல் எனக்கு வரும் கோபத்தில் முக்கால்வாசி என்மேல் வருவது.

அம்மாவிடமும் சிவப்பு அட்டைதான், அதனால் லெட்சுமி போன கப்பலில் துணைக்கு அவரையே அனுப்பினோம். பினாங்குத் துறைமுகத்தில் அவர் என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "இந்தத் தடவ வேற வேலை எதுவும் எடுக்கல பாப்பா. நேரா அந்த வீடுதான். உள்ள போயி உக்காந்து பாத்துட்டுத்தான் வாரேன்" என்றார். மேல்தட்டில் நின்று லெட்சுமி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் இருந்த பக்கம் எது என்று தெரியாமல் போன பிறகும் அம்மா பதிலுக்குக் கையை ஆட்டினார்.

ரெண்டு வாரத்தில் திரும்பி வந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா டீ போடச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார். உட்காருங்கள் என்று அம்மா சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

"எறங்கின அன்னைக்கே கல்யாணம் முடிஞ்சிருச்சு. வீட்டுல விட்டுட்டு வந்தேன்."

"வீடு எப்படிண்ணே? மாமியா எப்படிப் பேசினாங்க? என்ன சேல கட்டியிருந்தா?"

"இருக்கா. நல்லா இருக்கா" என்றார். அவ்வளவுதான். நீலச் சுண்ணாம்பு இல்லை, மோர் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். அவருக்கு எந்த பஸ்ஸும் கிடையாது, அவர் வீடு அடுத்த தெரு. இவர் பார்க்காமல் சொன்னால் பக்கம் பக்கமாகச் சொல்வார். முதன்முதலாகப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், சொல்ல ஒன்றும் இல்லை.

நாலு மாதத்தில் என் கல்யாணம் நடந்தது. அதற்கு லெட்சுமியிடமிருந்து வாழ்த்துக் கடிதாசி வந்தது. அவள் கையெழுத்து எனக்குத் தெரியும், தோட்டத்துப் பள்ளியில் ஆறு வருஷம் படித்த, சாய்ந்து விழுகிற கையெழுத்து. இது வேறு யாருடையதோ. நலம், நலமறிய ஆவல் என்று ரெண்டு வரி. மிச்சமெல்லாம் அடுத்த கப்பலில் அனுப்ப வேண்டிய சாமான்கள்.

கப்பலண்ணன் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டுதான் இருந்தார். ஆனால் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவது நின்றுவிட்டது. யார் கேட்டாலும், "நேரமில்ல" என்றார். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை! அவருக்குத் திமிர் வந்துவிட்டது என்று ஊர் பேசியது. அஞ்சலை அக்காகூட, பெரிய ஆளாகிட்டாரு லா, என்று முகத்தைத் திருப்பினார். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்து நின்று, "இருக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்குப் போதவில்லை. ஒருநாள் டிக்கெட்டை எழுதிக் கையில் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கேட்டேன். "கேக்காத பாப்பா" என்றார். கொடுக்க மாட்டேன் என்றேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"கதவத் தொறக்க மாட்டேங்கிறாங்க. ரெண்டாவது தடவ போனப்பவே தொறக்கல. எதுத்தாப்ல ஒரு டீக்கட இருக்கு. அங்க உக்காந்துக்குவேன். தெருக் கொழாய்க்குத் தண்ணி அடிக்க வருவா. வந்தா பாப்பேன். சில நாளு காலையிலயே வந்துருவா. சில நாளு நாலு மணி ஆவும். அதுவரைக்கும் உக்காந்துருப்பேன்."

"நாள் பூராவா?"

"வேற எங்க போறது?"

ஒரு பகலில் ஒன்பது வேலை முடிக்கிறவர், செருப்பைக் கழற்றாதவர், ஒரு பெண் குழாயடிக்கு வருகிற அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பட்டணத்தில் பகல் முழுக்க ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு அவர் காலில் விழலாம்போலவும் இருந்தது, கழுத்தைப் பிடிக்கலாம்போலவும் இருந்தது.

"கூட்டிட்டு வந்துருங்கண்ணே. டிக்கெட் நான் எழுதறேன்."

"பாஸ்போர்ட்ட மாமியா பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கா. ஒரு தடவ கதவத் தட்டிக் கேட்டேன் பாப்பா. நீ யாரு, அண்ணனா தம்பியான்னு கேட்டாங்க. கப்பல்ல வந்த ஆளுன்னு சொன்னேன். சாத்திட்டாங்க." அவர் தன் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார். "அடுத்த தடவ போனப்ப அவ கையில துணி சுத்தியிருந்துச்சு, இங்கேர்ந்து இது வரைக்கும். ஒரு கையாலயே பம்பு அடிச்சா. என்னயப் பாத்துட்டா. தலைய ஆட்டினா, வராதன்னு. அதுக்கப்புறம் நான் தட்டல."

அன்றைக்காவது அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். என் வீட்டுக்காரரிடம் பாதியைச் சொன்னேன். அவர் தூதரகத்துக்கு ஒரு கடிதாசி எழுதினார். பதில் வரவில்லை. நான் லெட்சுமிக்கு எழுதினேன். அதே வேறு கையெழுத்தில், நலம் என்று வந்தது. அடுத்த பயணத்தில் நானே போகிறேன் என்று கிளம்பினேன். அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். கப்பலில் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த விதியை டிக்கெட் வாங்க வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்வதும் என் வேலைதான்.

அந்தப் பயணத்தில் அவர் திரும்பி வந்து, வாசலில் நின்று, அம்மாவிடம் வழக்கம்போல "இருக்கா" என்றார். வேலிப் படலை வரைக்கும் நான் கூடப் போனேன். "கொழாயடிக்கு வரல" என்றார் என்னிடம். அடுத்த பயணமும் அப்படியே. அதற்கடுத்த பயணம். "வரல பாப்பா. ஆறு மணி கப்பலுக்கு அஞ்சே முக்கால் வரைக்கும் இருந்தேன். ஓடிப் போயித்தான் ஏறினேன்." கடிகாரம் ரெண்டையும் அவர் கட்டியிருக்கவில்லை என்பதை அன்றைக்குப் பார்த்தேன். மழைக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு மகன் பிறந்திருந்தான். நான் பால் கொடுக்கும்போதெல்லாம் அந்தத் தெருக்குழாய் கண்ணில் நிற்கும், பார்த்தே இராத குழாய். டீக்கடைக்காரனிடம் விசாரியுங்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். சரி என்று தலையாட்டினார்.

அதற்கடுத்த கப்பல் பினாங்கு வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வந்தார். வாசலில் நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பா போட்டோவுக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "பாப்பா, டீ போடு லா" என்றார்.

நான் அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கும்போது அவர் குரல் கேட்டது.

"அக்கா, ஒங்க மகள பாத்தேன். பச்சக் கலர்ல சேல, சிவப்புக் கர. தல நெறைய கனகாம்பரம். மொகம் உப்பிப் போயி ஆளே அடையாளம் தெரியல. ஆறு மாசமாம். மாமியா மாங்கா நறுக்கி உப்பு மொளகா போட்டு, தட்டுல வச்சுக் குடுக்கறா. மாப்ள மாடிப்படி ஏறாதன்னு சத்தம் போடறான்..."

அம்மா கையைத் தட்டிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் டம்ளரோடு வந்து கதவருகில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நிறுத்திவிட மாட்டாரா, இருக்கா என்று அந்த ஒற்றை வார்த்தையை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட மாட்டாரா என்று இருந்தது. அவர் நிறுத்தவில்லை. ஏழு வண்ணக் கண்ணாடி வளையல், கொல்லையில் கட்டிய ஊஞ்சல், அதன் கயிற்றுக்குச் சுற்றிய துணி, பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயர் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். செய்தி தபாலில் வந்து அம்மாவுக்குத் தெரிய இன்னும் ரெண்டு மாதம் இருந்தது. எனக்கு அந்த நாற்காலிக்கு எதிரிலேயே தெரிந்துவிட்டது. என் அக்கா செத்துவிட்டாள்.

"கேட்டியாடி? ஆறு மாசமாம்! ஊஞ்சலாம்!" என்றார் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"கேட்டேம்மா" என்றேன்.

அவர் டம்ளரை வாங்கக் கையை நீட்டினார். டீ கொஞ்சம் வேட்டியில் சிந்தியது. அம்மா அதைப் பார்க்கவில்லை. "வேற என்ன சொன்னாண்ணே? என்னயக் கேட்டாளா?" என்று நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். நிறுத்தட்டுமா என்று என்னைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பிள்ளை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அதயும் சொல்லுங்கண்ணே" என்றேன்.